மருமகன் வாங்கிய பழைய கார்



சென்ற ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த வாரம். அஸர் தொழுகை முடித்துப் பள்ளிவாசல் படியிறங்கி வரும்போது, என் மூத்த தமக்கையின் மகன் செருப்பு வைக்கும் இடத்தருகே எனக்காகக் காத்து நின்றான். வயது இருபத்திரண்டு. பாலிடெக்னிக்கில் பட்டயம் பெற்று, ஓசூர் சிப்காட்டில் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்டு முறையில் வேலை பார்ப்பவன். தந்தையை இழந்தவன்; தாய்க்கு ஒரே ஆண்பிள்ளை.

"மாமா, ஒரு கார் வாங்கலாம் என்றிருக்கிறேன். அம்மா கூடாது என்கிறார்கள். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார்கள்" என்றான்.

"என்ன கார்?" என்று கேட்டேன்.

"பிரீமியர் பத்மினி. 1988-ஆம் ஆண்டு வண்டி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் பிறப்பதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே சாலைக்கு வந்துவிட்ட வண்டி அது. அவனோடு வேலை பார்க்கும் பிள்ளைகள் மாதத் தவணையில் புத்தம் புதிய வாகனங்கள் வாங்கி நிறுத்துகிறார்கள். இவனோ மூன்று ஆண்டுகள் சேர்த்த ஒரு லட்சத்து அறுபதாயிரம் ரூபாயை வைத்துக்கொண்டு, முதல் காராக ஒரு கிழட்டு வண்டியைத் தேடுகிறான். "யோசித்துச் சொல்கிறேன்" என்று அவனை அனுப்பிவிட்டேன்.

அன்றிரவு நான் யோசித்ததையும், அதன் பிறகு நடந்ததையும் இந்த மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். பழைய கார்களின் மீதான ஆசை இன்று பல வீட்டு இளைஞர்களிடம் தலைதூக்கியிருப்பதைக் காண்கிறேன். பெற்றோர்கள் வெறுமனே "வேண்டாம்" என்று சொல்வதும், பிள்ளைகள் அவர்களுக்குத் தெரியாமல் வாங்குவதும் இருதரப்புக்கும் நல்லதன்று.

நான் கல்லூரியில் வரலாறு படித்தவன். ஆதலால் முதலில் அந்த வண்டிகளின் வரலாற்றைச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டுச் சாலைகளில் ஏறத்தாழ முப்பது ஆண்டுக்காலம் மூன்றே மூன்று குடும்பத்துக் கார்கள்தாம் பேர்பெற்றிருந்தன. கல்கத்தா அருகே உத்தர்பாராவில் தயாரான அம்பாசிடர் ஒன்று. அது இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வண்டியின் வழிவந்தது. பம்பாய் குர்லாவில் தயாரான பியட் மற்றொன்று. இத்தாலியின் பியட் 1100 வண்டியான அதுவே 1970-களில் பிரீமியர் பத்மினி என்னும் பெயர் பெற்றது. மூன்றாவது நம் சென்னையில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அதன் முன்பக்கம் முழுவதும் ஒரு பெட்டியின் மூடிபோலத் திறக்கும். மெக்கானிக் சக்கரத்தின் மேலேயே அமர்ந்து எஞ்சினைப் பழுது பார்க்கலாம்.

1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800 வண்டியின் சாவியை அன்றைய பிரதமர் இந்திரா காந்தி, டில்லியைச் சேர்ந்த ஹர்பால் சிங் என்பவரிடம் வழங்கினார். அன்றோடு பழைய மூன்றின் ஆதிக்கமும் தளரத் தொடங்கிற்று. ஹர்பால் சிங் 2010-இல் இறக்கும்வரை அந்த ஒரே வண்டியைத் தம்மிடமே வைத்திருந்தார் என்பது நினைத்துப் பார்க்கத்தக்கது. அந்த மாருதி 800-உம், அதற்கு முந்திய அம்பாசிடரும் 2014-ஆம் ஆண்டில் உற்பத்தி நிறுத்தப்பட்டன. பம்பாயின் கறுப்பு மஞ்சள் பத்மினி டாக்சிகள் 2023 அக்டோபரில் சாலையிலிருந்து விடைபெற்றன. இருபது ஆண்டுகளே ஒரு டாக்சியின் ஆயுள் என்னும் விதி அங்கே இருந்ததே காரணம். சொந்த உபயோகத்து வண்டிகளுக்கு அந்த விதி இல்லை.

மறுநாள் தமக்கையின் வீட்டுக்குச் சென்றேன். "நீயாவது அவனுக்குப் புத்தி சொல். கம்பெனி பஸ் வாசலுக்கு வருகிறது. இவனுக்குக் கார் எதற்கு? அதுவும் காயலான் கடைக் கார்! நடுராத்திரி ஹைவேயில் நின்றுவிட்டால் நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?" என்று கண் கலங்கினார்கள்.

மருமகனோ, "அம்மா, அந்தக் காலத்து வண்டி கெட்டி இரும்பு. இன்றைய வண்டிகள் வெறும் தகரம். மோதினாலும் நமக்கு ஒன்றும் ஆகாது" என்று வாதாடினான்.

இந்த ஒரு கூற்றைத்தான் நான் முதலில் மறுத்தேன். நம்மில் படித்தவர்களும்கூட இப்படியே நம்புகிறார்கள். 2009-ஆம் ஆண்டு அமெரிக்காவில் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டுக் கழகத்தார் ஒரு சோதனை செய்தார்கள். 1959-ஆம் ஆண்டின் செவர்லே பெல் ஏர் காரையும் 2009-ஆம் ஆண்டின் செவர்லே மாலிபு காரையும் மணிக்குச் சுமார் 64 கிலோமீட்டர் வேகத்தில் நேருக்குநேர் மோதவிட்டார்கள். பழைய வண்டி பார்வைக்குக் கோட்டைபோல் இருந்தது. மோதலில் அதன் ஓட்டுநர் அறை நொறுங்கிப்போயிற்று. உள்ளே இருந்தது பொம்மையாக இல்லாமல் மனிதராக இருந்திருந்தால் உயிர் பிழைத்திருக்க மாட்டார். புதிய வண்டியின் முன்பகுதி மடிந்தது. அதில் இருந்த பொம்மைக்குக் காலில் சிறு காயத்தின் அளவே பதிவாயிற்று.

காரணம் எளியது. மோதலின் வேகம் எங்காவது செலவாக வேண்டும். புதிய வண்டியில் முன்பகுதி மடிந்து அந்த வேகத்தைத் தான் வாங்கிக்கொள்கிறது. பழைய வண்டியில் அது உள்ளே இருப்பவரின் நெஞ்சுக்கும் தலைக்கும் வந்து சேர்கிறது. முன்னிருக்கை பெல்ட்டு நம் நாட்டில் கட்டாயமானதே 1994-இல்தான். ஓட்டுநருக்கான காற்றுப்பை கட்டாயமானது 2019-இல். 1988-ஆம் ஆண்டு வண்டியில் இவை எதையும் எதிர்பார்க்க முடியாது.

பிரேக்கைப் பற்றியும் சொன்னேன். அந்தக் காலத்து வண்டிகளில் நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக்தான். தொடர்ந்து மிதித்தால் டிரம் சூடேறிப் பிடிமானம் குறையும். நம் ஓசூர் மேட்டுநிலத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரி தாழ இருக்கிறது. இங்கிருந்து அங்கே போவது பெரும்பாலும் இறக்கம். திரும்பி வருவது எஞ்சினைச் சூடேற்றும் ஏற்றம். இறக்கத்தில் கியரைக் குறைத்து எஞ்சினின் இழுப்பிலேயே வண்டியை அடக்கத் தெரியாதவர், பிரேக்கை மட்டும் நம்பி இறங்கக்கூடாது.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன், புதிதாக மணமான நாட்களில், நண்பர் ஒருவரிடம் பழைய கார் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு மனைவியோடு இராயக்கோட்டைச் சாலையில் சென்றேன். மழை பெய்து ஓய்ந்திருந்தது. பள்ளத்தில் தேங்கிய நீரைக் கடந்து சிறிது தூரம் போனதும் எதிரே ஒரு மாடு குறுக்கிட்டது. பிரேக்கை மிதித்தேன்; வண்டி கேட்கவில்லை. நீர் புகுந்த டிரம் அப்படித்தான் இருக்கும். நீரைக் கடந்தவுடன் மெதுவாக ஓட்டியபடி இரண்டு மூன்று முறை லேசாக மிதித்து உலர்த்திக்கொள்ள வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. வண்டியைக் கரையோரப் புதரில் திருப்பினேன். என் மனைவியின் மணிக்கட்டு பிசகி, இரண்டு மாதம் கட்டுப் போட்டிருந்தார்கள். வண்டியின் மேல் குற்றமில்லை. அதன் குணம் அறியாமல் ஓட்டிய என்மேல்தான் குற்றம். இன்றும் குளிர்காலத்தில் அவர்கள் அந்தக் கையைத் தேய்த்துக்கொள்வதைப் பார்க்கும்போது எனக்கு அந்த மாடு நினைவுக்கு வரும்.

இவ்வளவும் சொல்லி முடித்தேன். தமக்கைக்கு மகிழ்ச்சி. மருமகன் ஒன்றும் பேசவில்லை. எழுந்து உள்ளே போய், கட்டிலுக்கு அடியிலிருந்து ஓர் இரும்புப் பெட்டியை இழுத்து வந்து என் முன்னே வைத்தான்.

அது என் மச்சானின் டூல் பாக்ஸ். மச்சான் கிருஷ்ணகிரியில் ஒரு மெக்கானிக் ஷெட்டில் இருபத்தைந்து ஆண்டுகள் வேலை செய்தவர். சிறுநீரக நோயால் ஆறு ஆண்டுகளுக்கு முன் இறையடி சேர்ந்தார். அன்றிலிருந்து அந்தப் பெட்டி திறக்கப்படவில்லை. மருமகன் திறந்தான். பழைய பனியன் துணியில் சுற்றி எண்ணெய் தடவிய ஸ்பேனர்கள், பிளக் கழற்றும் குழல், பாயிண்ட் இடைவெளி பார்க்கும் ஃபீலர் கேஜ், எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன.

"மாமா, இன்றைய காரில் என்ன கோளாறு என்று பார்க்கக் கம்ப்யூட்டரைச் சொருக வேண்டும். அத்தாவின் ஸ்பேனருக்கு அதில் வேலையே இல்லை. பத்மினியில் கார்புரேட்டர், பாயிண்ட், டேப்பட் எல்லாமே கையால் செய்வது. சின்ன வயதில் ஷெட்டில் அவருக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அம்பாசிடருக்கு அங்குலக் கணக்கு ஸ்பேனர் வேண்டும். இது எல்லாம் மில்லிமீட்டர், பியட்டுக்குத்தான் பொருந்தும். அதனால்தான் அந்த வண்டியைக் கேட்டேன்" என்றான்.

தமக்கை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள். எனக்கும் சற்று நேரம் பேச்சு எழவில்லை.

பிள்ளைகள் ஒன்றைக் கேட்கும்போது, அந்தப் பொருளுக்குப் பின்னால் வேறு ஒன்று இருக்கக்கூடும் என்பதை நாம் விசாரிப்பதில்லை. நான் பத்து நிமிடம் பாடம் நடத்தினேன், "ஏன் இந்த வண்டி?" என்று ஒரு முறை கேட்கவில்லை. பாடம் நடத்தியே பழகியவனின் குறை அது.

இருப்பினும் பாசத்துக்காகப் பிரேக்கின் இயல்பு மாறிவிடாது. ஆகவே தாய், மகன், நான் மூவரும் அமர்ந்து சில நிபந்தனைகளை ஏற்படுத்திக்கொண்டோம். முதலாவது: ஷிப்டு வேலைக்கு அந்தக் கார் போகாது, கம்பெனி பஸ்தான். இரவில் அதை ஓட்டுவதில்லை. இரண்டாவது: நெடுஞ்சாலையில் மணிக்கு அறுபது கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை. வேகம் இரு மடங்கானால் அதை நிறுத்தப் பிரேக் செய்ய வேண்டிய வேலை நான்கு மடங்காகிறது என்பதை அவன் என்னைவிட நன்றாக அறிவான். மூன்றாவது: வண்டி வாங்கியதும் முதல் செலவு பிரேக், டயர், தோளிலிருந்து இடுப்புவரை வரும் பெல்ட்டு, பெயிண்ட் அடிப்பது கடைசி. நான்காவது: கையிலுள்ள பணத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் வண்டிக்குக் கொடுப்பதில்லை, மிச்சம் பழுதுக்கு. ஐந்தாவது: கடன் கூடாது. இவ்வளவு பழைய வண்டிக்கு வங்கிகள் பொதுவாகக் கடன் தருவதில்லை. அந்த இடைவெளியில்தான் வட்டிக்காரர் நுழைகிறார். ஆசைப்பட்ட வண்டிக்காக வட்டியில் விழுவதைவிட ஆசையை ஓராண்டு தள்ளிவைப்பது மேல்.

பின்னர் பெங்களூருக்குப் புறப்பட்டோம். பழைய கார் வாங்க ஓசூர்க்காரர்கள் ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளி வழியே அங்கே போவதுதான் வழக்கம். முதலில் ஒரு புரோக்கர் காட்டிய வண்டி கண்ணாடிபோல் மின்னியது. மருமகன் சட்டைப்பையிலிருந்து ஒரு சிறு காந்தத்தை எடுத்துக் கதவின் கீழ்ப்பகுதியில் வைத்தான். அது ஒட்டாமல் விழுந்தது. உள்ளே இரும்பு துருப்பிடித்து உதிர்ந்துபோக, பட்டி வைத்துப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். தரைவிரிப்பைத் தூக்கினால் ஓட்டை வழியே சாலை தெரிந்தது. கேட்டபோது புரோக்கர் சிரித்தார். பொருளின் குறையை மறைத்து விற்பதை நம் மார்க்கம் எவ்வளவு வெறுக்கிறது என்பதை நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை. ஆயினும் வாங்குபவன் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று எங்கும் சொல்லப்படவில்லை. எஞ்சின் பழுதைச் சரிசெய்துவிடலாம். வண்டியைத் தாங்கும் அடித்தகடு துருப்பிடித்தால் அந்தச் செலவுக்கு முடிவில்லை.

மூன்றாவது வாரம், ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரின் வீட்டில் 1988-ஆம் ஆண்டு பத்மினி கிடைத்தது. பெயிண்ட் மங்கியிருந்தது, அடித்தகடு உறுதியாக இருந்தது. எண்ணெய் எங்கே கசிகிறது, எந்தக் கதவு ஒழுங்காக மூடாது என்பதை அவரே சொன்னார். தொண்ணூற்றைந்தாயிரத்துக்குப் பேசி முடித்தோம்.

இனிப் பத்திரங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லைப்புறத்தில் வாழும் நாம் இதில்தான் அதிகம் தவறுகிறோம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன்படி சொந்தக் காரின் பதிவு பதினைந்து ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒரு முறை வண்டியைத் தணிக்கை செய்து புதுப்பிக்க வேண்டும். மருமகன் வாங்கிய வண்டி 2003-இல் தொடங்கி முறையாகப் புதுப்பிக்கப்பட்டு, 2028 வரை செல்லுபடியாக இருந்தது. புதுப்பிக்கும் மத்தியக் கட்டணம் 2022 ஏப்ரலில் ஐயாயிரம் ரூபாயாயிற்று. இருபது ஆண்டுகளைக் கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் பத்தாயிரமாக உயர்த்தப்பட்டது. மாநிலத்தின் பசுமை வரி தனி.

கர்நாடகப் பதிவு வண்டியை ஓசூரில் வைத்துப் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் ஓட்டினால், இங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். அதற்கு அங்கேயுள்ள வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். ஆர்.சி. புத்தகத்திலுள்ள எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் பொறித்துள்ள எண்களோடு பொருந்துகின்றனவா என்று பணம் கொடுப்பதற்கு முன்பே பார்க்க வேண்டும். பழைய வண்டியில் எஞ்சின் மாற்றியிருப்பது சாதாரணம். அதைப் புத்தகத்தில் ஏற்றாமலிருப்பதும் சாதாரணம். விற்றவர் பெயரிலேயே ஓட்டிக்கொள்ளலாம் என்று எண்ணுவது பெருந்தவறு. விபத்து நேர்ந்தால் இருவரும் நீதிமன்றம் ஏற நேரும். மூன்றாம் நபருக்கான காப்பீடு சட்டப்படி கட்டாயம்.

"விண்டேஜ்" என்னும் சொல்லைக் கேட்டு மயங்குபவர்களும் உண்டு. 2021 ஜூலையில் வந்த விதியின்படி, முதற்பதிவிலிருந்து ஐம்பது ஆண்டுகளைக் கடந்த வண்டிகளே அந்த வகையில் பதிவாகும். கட்டணம் இருபதாயிரம் ரூபாய். அப்படிப் பதிவானவற்றைக் கண்காட்சி, அணிவகுப்பு, பழுது பார்த்தல், எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கே வெளியே எடுக்கலாம். அன்றாடம் ஓட்ட முடியாது. நம் பத்மினிக்கு 2038 வரை அந்தப் பேச்சே இல்லை. டில்லித் தலைநகர்ப் பகுதிக்கு இடப்பட்ட வயதுக் கட்டுப்பாடுகளைக் கேள்விப்பட்டு இங்கேயும் தடை என்று அஞ்சுபவர்களுக்கும் ஒரு வார்த்தை: தமிழ்நாட்டில் சொந்தக் காருக்கு அத்தகைய பொதுத் தடை இல்லை, தணிக்கையில் தேற வேண்டும், அவ்வளவே.

எரிபொருளிலும் கவனம் வேண்டும். இன்று பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் இருபது விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கிறது. பழைய ரப்பர் குழாய்களையும் பம்ப்பின் உள் சவ்வையும் அது நாளடைவில் அரிக்கும். மருமகன் முதல் மாதமே அவற்றை மாற்றினான். சில பாகங்கள் பெங்களூர் ஜே.சி. ரோட்டில் கிடைத்தன, சிலவற்றுக்குச் சென்னைப் புதுப்பேட்டை வரை போய்வந்தான். நான்கு மாதங்கள் வண்டி வாசலில் நின்றது. ஒவ்வொரு ஞாயிறும் சுபுஹுக்குப் பின் அந்தப் பெட்டி வெளியே வரும். தமக்கை தேநீர் கொண்டுவந்து திண்ணையில் வைப்பார்கள். முதல் மாதம் வைத்துவிட்டு உள்ளே போனவர்கள், இரண்டாம் மாதம் அங்கேயே உட்காரத் தொடங்கினார்கள். "உங்கள் அத்தா பிளக்கை இப்படித் துடைக்க மாட்டார்" என்று ஒரு நாள் சொன்னார்களாம்.

பெற்றோர்களுக்கு மற்றுமொன்று. "பழைய வண்டிதானே, பையன் பழகிக்கொள்ளட்டும்" என்று பதினாறு வயதுப் பிள்ளையிடம் சாவியைக் கொடுக்கும் வீடுகள் நம்மிடையே உண்டு. கார் ஓட்டப் பதினெட்டு வயது நிறைய வேண்டும். 2019-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, சிறுவர் வாகனம் ஓட்டிக் குற்றம் இழைத்தால் பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் இருபத்தைந்தாயிரம் ரூபாய் அபராதமும் உண்டு. அந்தச் சிறுவருக்கு இருபத்தைந்து வயதுவரை உரிமம் கிடைக்காது. பழைய வண்டி என்பதால் ஆபத்து குறைவதில்லை. நான் மேலே சொன்ன காரணங்களால் அதிகமாகிறது.

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பின் மருமகன் தாயை அந்தக் காரில் அழைத்துக்கொண்டு கிருஷ்ணகிரிக்குப் புறப்பட்டான். மச்சானின் அடக்கத்தலத்தில் ஜியாரத் செய்வதற்காக. பின்னிருக்கையில் நானும் என் மனைவியும். இறக்கத்தில் அவன் சொல்லாமலே கியரைக் குறைத்தான். எங்களை எல்லா வண்டிகளும் முந்திச் சென்றன, லாரிகள்கூட முந்தின. ஓர் இளைஞன் ஹாரன் அடித்துக் கையசைத்துச் சிரித்துவிட்டுப் போனான். மருமகன் அறுபதைத் தாண்டவில்லை.

"மெதுவாகவே போ, நேரம் இருக்கிறது" என்றார்கள் தமக்கை. என் மனைவி தம் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். "உங்களுக்கும் அன்று இப்படி யாராவது கற்றுக்கொடுத்திருக்கலாம்" என்று அதற்குப் பொருள்.

மருமகனைப் போன்ற இளைஞர்கள் இதைப் படித்தால், வண்டி வாங்கும் முன் வீட்டில் மூத்தவர் ஒருவரோடு உட்கார்ந்து பேசுங்கள். பெற்றோர்கள், மறுப்பதற்கு முன் ஒரு முறை "ஏன்?" என்று கேளுங்கள். அதன்பின் எது முடிவானாலும், அது இருவருக்கும் தெரிந்து எடுத்த முடிவாக இருக்கும்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம். வஸ்ஸலாம்.